மிளகுக் கிடங்கில் கலை விழா

நவீன சித்திரம் என்றதும் நம்மில் பலருக்கு ஒருவிதப் பயம் உண்டாகிவிடுகிறது. "அதெல்லாம் நமக்கு விளங்காது, ஐயா!" என்று சொல்லிவிட்டுக் கண்காட்சிக்கு எதிரேயுள்ள காப்பி ஹோட்டலுக்குள் நுழைந்துவிடுகிறோம். இந்தப் பயத்தைத் தெளிவிக்கவல்ல ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் கேரளத்தின் கொச்சி.

2012-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆந் தேதி, போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு கலைஞர்களின் முயற்சியால் அங்கே சர்வதேசக் கலைக் கண்காட்சி ஒன்று ஆரம்பமாயிற்று. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடத்துவதென்று ஏற்பாடு. 'கொச்சி - முசிரிஸ் பியனாலே' என்பது அதன் பெயர். முசிரிஸ் வேறொன்றுமில்லை, சங்கப் புலவர்கள் பாடிய முசிறிதான். யவனக் கப்பல்கள் மிளகைத் தேடி வந்த அந்தத் துறைமுகம் பிற்காலத்தில் மறைந்துபோயிற்று. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்பர்.

கண்காட்சிக்குக் கிடைத்த முக்கிய இடம் எது தெரியுமா? கடலோரத்திலுள்ள ஆஸ்பின்வால் மாளிகை. 1867-இல் ஓர் ஆங்கில வர்த்தகர் தொடங்கிய கம்பெனியின் கட்டடம் அது. மிளகும், இஞ்சியும், கயிறும் அங்கிருந்து கப்பலேறின. மூட்டை சுமந்தவர்களையும், கணக்கு எழுதியவர்களையும் தவிர ஊர் ஜனங்களில் வேறு யார் அதற்குள் நுழைந்திருக்கப் போகிறார்கள்?

மூன்றாவது கண்காட்சி நடந்த சமயம், 1917 அல்ல, 2017-ஆம் வருஷத் தொடக்கத்தில், அதே கிடங்குக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நுழைவதைக் கண்டோம். ஒரு நீண்ட கூடத்தில் தரையே தெரியவில்லை. கடல் நீரை நிரப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, எதிர்ச் சுவரிலுள்ள வாசகத்தைப் படிப்பதற்கு நடக்க வேண்டும். 2015-இல் அகதியாக வந்து கடலில் மூழ்கி இறந்த சிரியா தேசத்துச் சிறுவன் ஒருவனின் நினைவாக அதை அமைத்தவர் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா. 1973-இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது கப்பலில் சிறைவைக்கப்பட்டவர் அவர். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி இறங்கியவர்கள்கூடப் பாதி வழியில் மௌனமாகிவிட்டார்கள். யாரும் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே சில்லிட்ட நீரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கிறது. 1555-ஆம் வருஷத்தையொட்டிப் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது. பின்னால் பழுது பார்த்தவர்கள் டச்சுக்காரர்கள்; ஆகவே 'டச்சு அரண்மனை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கட்டியவரை விட்டுவிட்டுச் சுண்ணாம்பு அடித்தவருக்குப் பெயர் கொடுக்கும் வழக்கம் உலகத்தில் புதிதல்லவே! இன்று அது பொருட்காட்சிசாலை. அங்கே மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் தசரதரின் வேள்வி முதலாக இராமாயணம் முழுவதும் வர்ணங்களில் விரிந்து கிடக்கிறது. காவியும் பச்சையும் இன்னும் கண்ணைப் பறிக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சித்திரங்கள் ஒரு மன்னரின் கண்களுக்காக எழுதப்பட்டவை. அந்தக் கிடங்கு ஒரு கம்பெனியின் லாபத்துக்காகக் கட்டப்பட்டது. இரண்டின் கதவுகளும் பொதுஜனங்களுக்குத் திறந்தன. சுதந்திரம் என்பதற்கு இதுவும் ஓர் அர்த்தந்தானே? ஆனால், கதவு திறந்தால் மட்டும் போதாது. தயக்கமில்லாமல் உள்ளே நுழைய நமக்குத் தைரியம் வேண்டும். இராமாயணம் தெரிந்திருப்பதனால் பழைய சுவரின் முன் நாம் கூசுவதில்லை. புதிய கலையின் முன்னும் கூச வேண்டியதில்லை. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். நமக்கு முன்னால் அவர்கள் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள்.