ரப்பர் ஸ்பிரே உரிகிறது, பெயிண்ட் உரிவதில்லை: ஏன்?

காரின் கிரில், லோகோ, குரோம் பட்டைகளைக் கறுப்பாக்க பிளாஸ்டி டிப் போன்ற ரப்பர் ஸ்பிரே அடிக்கிறார்கள். பிடிக்காவிட்டால் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தால் போதும், தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். பெயிண்ட் அப்படி வராது. ஏன்?

பெயிண்ட் அடிக்குமுன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம். அந்தக் கீறல்களுக்குள் பிரைமர் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. ரப்பர் ஸ்பிரேயிலோ, கரைப்பான் ஆவியானதும் நீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் படலமாகின்றன. வழவழப்பான குரோமின் மேல் இருக்கும் ஒட்டுதலைவிட இந்தப் பின்னல் வலுவானது. அதனால்தான் கிழியாமல் உரிகிறது. ஆனால் படலம் தடிமனாக இருக்க வேண்டும். சிக்கனம் பார்த்து ஒரே கோட்டோடு நிறுத்தினால் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். நான்கைந்து கோட்டாவது அடியுங்கள்.

பெட்ரோல் பட்டால் இந்த ரப்பர் இளகிவிடும். டேங்க் மூடிப் பக்கம் மட்டும் ஹார்டனர் கலந்த பெயிண்ட்தான் சரி.