நாயை அழைத்தவுடன் வரப் பழக்கும் முறை

சாத்தூர் தாலூகாவில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் உள்ள இருக்கன்குடியைச் சுற்றிய கரிசற் காடுகளில் காவலுக்கு நாய் வளர்ப்போர் பலர். அழைத்தவுடன் வரும் நாயை உடையவரோ சிலர். அழைத்தும் வராத நாய் அயலாரின் கிடையாட்டைக் கடித்து விரோதம் விளைவிக்கும். சாலையில் வண்டிகளில் அகப்பட்டு மடியும். அது காட்டு முயலைப் பிடிக்குமாயின், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யஜமானனும் வழக்கிற்கு உட்பட நேரிடும்.

இப்பகுதியின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய்கள் கண்ணால் கண்டு துரத்தும் ஜாதியைச் சேர்ந்தவை. ஓடத் தொடங்கியபின் இவற்றின் செவியில் குரல் ஏறுவது அரிது. ஆகையால், காது விறைத்துப் பார்வை ஓரிடத்தில் நிலைக்கும் அந்தக் கணத்திலேயே அழைக்க வேண்டும்.

பழக்கும் முறை யாதெனில்:

முதலாவது, அழைப்பிற்கு ஒரே சொல்லைக் குறித்துக்கொள்க. வீட்டார் யாவரும் அதனையே வழங்க வேண்டும். வைவதற்கு அச்சொல்லை உபயோகிக்கலாகாது.

இரண்டாவது, தீனி வைக்கும் வேளையில் ஐந்தாறு அடி தூரத்திலிருந்து ஒருமுறை மட்டும் அழைத்து, வந்தவுடன் வேகவைத்த முட்டையோ ஈரலோ சிறு துண்டு கொடுக்க. ஓசையையும் உணவையும் சேர்த்து அறியும் நாயின் இயல்பை ருஷியா தேசத்துப் பாவ்லவ் என்னும் சாஸ்திரி பரிசோதனையால் விளக்கியுள்ளார்.

மூன்றாவது, வீட்டில் தவறாது வந்தபின், 30 அடிக் கயிறு கட்டி முற்றத்திலும், பிறகு களத்திலும், பிறகு ஆடுகள் தொலைவில் மேயும் காட்டிலும் பழக்குக. கயிறு நாய் ஓடிவிடாமற் காப்பதற்கே, இழுப்பதற்கன்று. ஓரிடத்தில் தவறினால் முந்தின இடத்திற்குத் திரும்புக.

நான்காவது, வந்த நாயை மீண்டும் ஓடவிடுக. வரும்பொழுதெல்லாம் சங்கிலியிட்டால், வருதலே தண்டனையென்று அது எண்ணிவிடும்.

தாமதித்து வந்த நாயை அடிப்பது பெரும் பிழை. ஆட்டைத் துரத்தியதற்காக அடிக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். திரும்பி வந்ததற்காக அடிபட்டதாகவே அது அறிகிறது. ஓடும் நாயைத் துரத்துவதும் பயனற்றது. அழைத்துக்கொண்டே எதிர்த்திசையில் ஓடினால், அது பின்தொடர்ந்து வருதல் கூடும்.

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையில் மாரியம்மன் கோவிலுக்கு வரும் பெருங்கூட்டத்திலும், தீபாவளி வெடியோசையிலும், நன்கு பழகிய நாயும் மருண்டு ஓடும். அந்நாட்களில் பழக்க முயலாது வீட்டினுள் வைத்திருத்தலே நலம்.

வருஷந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுதல் அவசியம். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களை ஆடு வளர்ப்போருக்கும் நாய் வளர்ப்போருக்கும் ஒருங்கே எடுத்துரைப்பார்களாயின், கிடைத் தகராறுகள் பல எழாமலே தவிர்க்கப்படும்.