கிட் குறிச்சொல் கட்டளைச் சிக்கல்கள்

கிட் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஆகும். இதில் ஒரு குறிப்பிட்ட கமிட்டுக்குச் சூட்டப்படும் நிலையான பெயர் குறிச்சொல் அல்லது டேக் எனப்படுகிறது. "வி1.0" போன்ற வெளியீடுகளை அடையாளம் காட்ட இது பயன்படுகிறது. கட்டளைகள் கீழே தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்துகளே வேண்டும்.

வகைகள்

எளிய குறிச்சொல் கமிட்டை மட்டும் சுட்டும். "-ஏ" சேர்த்து இடப்படும் விளக்கக் குறிச்சொல், இட்டவர் பெயர், தேதி, செய்தி ஆகியவற்றையும் சேமிக்கும். "கிட் டிஸ்க்ரைப்" கட்டளை இயல்பாக விளக்கக் குறிச்சொற்களையே தேடும். எளியவற்றையும் கணக்கில் எடுக்க "--டேக்ஸ்" சேர்க்க வேண்டும்.

பொதுவான சிக்கல்கள்

குறிச்சொல் சேவையகத்தில் தெரியாமை: "கிட் புஷ்" இயல்பாகக் குறிச்சொற்களை அனுப்பாது. சங்கரன்கோவிலில் உள்ள நிரலாளர் தம் கணினியில் இட்ட குறிச்சொல், "கிட் புஷ் ஆரிஜின் வி1.0" என அனுப்பும் வரை சென்னையில் உள்ள சக நிரலாளருக்குக் கிடைக்காது.

நீக்கியும் மீண்டும் தோன்றுதல்: "கிட் டேக் -டி" தன் கணினியில் மட்டுமே நீக்கும். சேவையகத்தில் நீக்க "கிட் புஷ் ஆரிஜின் --டெலீட் வி1.0" தேவை. முன்பே பெற்றுக்கொண்ட பிறர் கணினிகளில் பழையது அப்படியே இருக்கும்.

குறிச்சொல்லுக்கு மாறிய பின் செய்த வேலை தொலைதல்: இந்நிலையில் இடும் கமிட்டுகள் எந்தக் கிளையிலும் சேராது. வேலையைத் தொடங்கும் முன் "கிட் ஸ்விட்ச் -சி" மூலம் புதிய கிளை உருவாக்க வேண்டும்.

பெயர் ஏற்கெனவே உள்ளது என்ற பிழை: குறிச்சொல் இன்னும் வெளியே அனுப்பப்படவில்லை எனில் "-எஃப்" கொண்டு மாற்றலாம். அனுப்பியாயிற்று எனில் "வி1.0.1" எனப் புதிய பெயர் இடுவதே முறை. ஒரே பெயர் இரு கணினிகளில் இரு வேறு நிரல்களைக் குறித்தால் பிழையைக் கண்டறிவது கடினம். இதனால் 2018இல் வெளியான கிட் 2.20 முதல், "--ஃபோர்ஸ்" இல்லாமல் "கிட் ஃபெட்ச்" இருக்கும் குறிச்சொல்லை மாற்றுவதில்லை.

பாதுகாப்பு

2025 மார்ச்சில், கிட்ஹப்பில் 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய "டிஜே-ஆக்‌ஷன்ஸ்" தொகுப்பின் ஒரு கருவியில், பழைய குறிச்சொற்களைத் தாக்குநர்கள் தீய கமிட் ஒன்றுக்குத் திருப்பினர். அதைப் பயன்படுத்திய சில திட்டங்களின் கடவுச்சாவிகள் பதிவேடுகளில் வெளிப்பட்டன. எனவே பிறர் நிரலைச் சார்ந்திருக்கும்போது குறிச்சொல்லுக்குப் பதிலாக முழுக் கமிட் எண்ணைக் குறிப்பிடுவது பாதுகாப்பானது.