படத்தில் பாட்டாளி!

ஓவியம் என்றால் மாளிகை, மணிமுடி, மங்கையின் மலர்முகம்! ஆலைப் புகையும் அழுக்குச் சட்டையும் அழகாகுமா என்று கேட்போர் உண்டு. ஆகும் என்று காட்டினார் ஒருவர். இங்கிலாந்தில், மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டு வட்டாரத்தில் வாழ்ந்த எல். எஸ். லௌரி!

வீடுவீடாக வாடகை தண்டுவது அவர் தொழில். தண்டல்காரர் கண் காசைத்தானே தேடும்? இவர் கண் கலையைத் தேடிற்று! 1916-ல் பெண்டில்பரி நிலையத்தில் ரயிலைத் தவறவிட்டார். வெளியே வந்தார், நூற்பாலையிலிருந்து தொழிலாளர் கூட்டம் வெளிவரக் கண்டார். பலமுறை பார்த்த காட்சிதான். அன்றுதான் அதன் அழகு புலப்பட்டது!

1952-ல் ஓய்வு பெறும்வரை பகலில் வேலை, இரவில் ஓவியம். புகைக்கூண்டும் குறுந்தெருவும் குனிந்து நடக்கும் பாட்டாளியுமே அவர் படங்கள். 1968-ல் 'சர்' பட்டம் தேடி வந்தது, வேண்டாம் என்றார்!

கால்பந்தாட்டம் காண விரையும் எளியோரை அவர் 1953-ல் தீட்டிய படம், 2022-ல் ஏறத்தாழ 78 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. மகிழ்கிறோம். ஆனால் கேட்கிறோம்: படம் பெற்ற விலை இது; படத்திலே நடப்பவன் பெற்ற கூலி என்ன?

தோழர்களே! சுவரிலே தொங்கும்போது மட்டுமல்ல, தெருவிலே நடக்கும்போதும் தொழிலாளி மதிக்கப்படவேண்டும். அந்த நாளே அழகிய நாள்!