மதுரை வட்டாரத்தில் மனித உரிமைப் பணி

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மனித உரிமைப் பணியின் பெரும்பகுதி கோயில் வாசல், ஊராட்சித் தேர்தல், காவல் நிலையம் ஆகிய மூன்றையும் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. சட்டம் கொடுத்த உரிமையை ஊருக்குள் செல்லுபடியாக்குவதுதான் அந்தப் பணி. 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அந்தக் குழுவில் இருந்தார். அதே ஆண்டில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது.

ஆனால் நகரத்தில் திறந்த கதவு கிராமங்களில் எளிதில் திறக்கவில்லை. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்கு அஞ்சி வேட்பாளர்கள் விலகினார்கள். வாக்குப்பதிவிலும் வன்முறை நடந்தது. அத்தனையையும் தாண்டித் தலைவரான முருகேசன், தமக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்றுவிட்டு ஊர் திரும்பும் வழியில், பேருந்தை மறித்த கும்பல் அவரையும் மேலும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றது. வழக்கறிஞர் பொ. ரத்தினம் போன்றோர் விடாமல் நடத்திய சட்டப் போராட்டத்தில், சேலம் நீதிமன்றம் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2019இல் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தபோது அதுவும் உயர் நீதிமன்றத்தில் வழக்கானது. முருகேசன் உயிரோடு இருந்தபோது கொடுக்கப்படாத காவலை எந்தத் தீர்ப்பும் ஈடுசெய்யாது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று, கொல்லப்பட்டவர்களின் நினைவிடமான ‘விடுதலைக் களத்தில்’ மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் இதே ஒதுக்கீட்டை எதிர்த்துப் பத்தாண்டுகள் தேர்தலையே முடக்கி வைத்தார்கள். 2006இல்தான் அங்கே முறையாகத் தலைவர்கள் பொறுப்பேற்றனர். உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரைத் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் வெளியுலகுக்குக் காட்டின. 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் சென்று வழிபட மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன.

காவல் நிலையக் கொடுமைகளில் வேலை வேறு மாதிரியானது. முதலில் உண்மை அறியும் குழு ஊருக்குப் போகும், சாட்சிகளைப் பார்க்கும், மருத்துவச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, நேரம், தேதி எல்லாவற்றையும் திரட்டும். அந்த ஆவணங்களை வைத்தே மனித உரிமை ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மனு போகும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் 1990களின் நடுவிலிருந்து ஹென்றி திபேன் தலைமையில் இதைச் செய்து வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மனித உரிமைக் கல்வியையும் கொண்டுபோனது. சாதி வன்கொடுமை வழக்குகளில் கதிர் நடத்தும் எவிடென்ஸ் அமைப்பு பாதிக்கப்பட்டவர்களோடு நிற்கிறது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தது தென்மாவட்ட ஏழைகளுக்குப் பெரிய உதவி. அதுவரை ஒவ்வொரு ரிட் மனுவுக்கும் சென்னைக்கு ஓட வேண்டியிருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இந்தக் கிளை தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது.

டிசம்பர் 10, மனித உரிமை நாளில், மதுரையில் கருத்தரங்குகளும் உறுதிமொழி நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அங்கே வருகிறவர்கள் ஒரு விவரத்தையாவது கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும்.