பட்டறையில் அரிவாள் வாங்குதல்

அரிவாள் வாங்கப் புறப்படும் அங்கத்தினர் பலர் திருவிழாக் கடைத்தெருவிலேயே நின்றுவிடுகின்றனர். அங்கே வரிசையாகத் தொங்கும் அரிவாள்கள் கண்ணாடிபோல் மின்னுகின்றன, விலையும் குறைவு. யானும் ஒருமுறை அத்தகைய ஒன்றை வாங்கினேன். கருவேல முள்ளை வெட்டிய முதல் நாளே வாய் மடங்கிற்று. மூன்றாம் நாள் பிடி கழன்று, அலகு தெறித்து விழுந்தது. பனைமேல் நின்று பாளை சீவுபவர் கையில் அது நேர்ந்திருந்தால் என்னாகியிருக்கும்?

மதுரைக்கும் மானாமதுரைக்கும் இடையே, சிவகங்கை மாவட்டத்திலுள்ள திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். மக்கள் வழக்கில் அது திருப்பாச்சி அரிவாள். இச்சீமையில் ஒருகாலத்தில் வேட்டைக் கருவிகளுக்கும் குறைவில்லை. சின்ன மருது தமக்கு வளரி எறியக் கற்பித்ததாகக் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர், 1830இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தியது; 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமச்சீட்டு முறையையே நீக்கிவிட்டது. ஆகவே வேட்டைக்கத்தி தேடுவோரை நம்பி இன்று எந்த உலையும் எரிய இயலாது. பட்டறையை வாழவைக்க வேண்டியவர் குடியானவரே.

பட்டறையில் முதலில் வினவ வேண்டியது இரும்பைப் பற்றி. பழைய லாரிகளின் வில்பட்டை மிக ஏற்றது. அதில் நூறு பங்குக்கு அரைப் பங்கிற்குச் சற்று மேல் கரிச்சத்து உண்டு. கட்டட வேலைக்குரிய மெல்லிரும்பில் கால் பங்குகூட இராது. அதனை எத்தனை அடித்தாலும் வாய் உரமேறாது.

அடுத்தது தோய்ச்சல். காய்ச்சிய அலகின் வாயை மட்டும் கொல்லர் நீரில் அமிழ்த்துகின்றார். அப்போது வாய் கண்ணாடிபோல் கடினமாகும்; அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் சில்லாகப் பெயரும். எனவே முதுகில் எஞ்சிய சூட்டை வாய்ப்பக்கம் பரவ விடுவர். வைக்கோல் நிறம் தோன்றும், பின் பழுப்பு, அதன்பின் நீலம். எந்த நிறத்தில் மறுபடி அமிழ்த்துவது என்பதில்தான் கொல்லரின் கைத்திறன் முழுவதும் அடங்கியிருக்கின்றது. நீலமும் கடந்தால் வாய் இளகிவிடும். மின்சாணையில் அளவுக்கு மீறித் தேய்த்துப் பளபளப்பாக்கும்போதும் இதே கேடு நேரும். ஆதலால் சம்மட்டித் தழும்புடன் கறுத்திருக்கும் முதுகைக் கண்டு முகம் சுளிக்க வேண்டா.

சிறிய அரம் ஒன்றை உடன் கொண்டுசெல்க. வாய்மீது மெல்ல இழுத்தால் அரம் எளிதில் கடிக்கலாகாது. பிடியின் கழுத்தில் பூண் இறுகியிருக்கின்றதா, காம்பு மரத்தின் உள்ளே ஆழச் சென்றிருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். கதிரறுக்கும் கருக்கரிவாளாயின், இடக்கையர் தமக்கேற்ப மறுபக்கத்தில் கருக்கு வெட்டித் தரும்படி கேட்கலாம். கடைத்தெருவில் இதனை யாரிடம் கேட்பது?

விலையைப் பற்றி ஒரு சொல். தம் கைத்தறிச் சேலையை ஆலைத்துணியின் விலைக்குக் கேட்பவரிடம் மனம் நோகும் நம் நெசவாளரே, உலைக்களத்தின் முன் நின்று பாதி விலைக்குப் பேரம் பேசுவதைக் கண்டிருக்கின்றேன். கரி, இரும்பு, சம்மட்டி அடிப்பவர் கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் கொல்லருக்கு எஞ்சுவது சொற்பம். இதற்குச் சங்கங்கள் ஒரு வழி செய்யலாம்: அறுவடைக்கு இரண்டு திங்கள் முன்னரே இருபது முப்பது அங்கத்தினரின் தேவையைத் திரட்டி, முன்பணத்துடன் ஒரே பட்டறையில் சொல்லிவைத்தால், கொல்லர் இரும்பை மொத்தமாக வாங்குவார், விலையும் ஓரளவு இறங்கும்.

வாங்கியதற்கு ரசீது பெறுக. 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள கூரலகை, வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரியவை நீங்கலாக, ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதமெனவே கொள்கின்றன. வீச்சரிவாளை அழகுக்காக வாங்கிப் பேருந்தில் கொண்டுவருவோர் இதனை மறத்தலாகாது.

வாய் தேய்ந்தபின் அதே பட்டறைக்குக் கொண்டுசென்றால், மீண்டும் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் ஏற்றித் தருவர். எனக்கு அரிவாள் விற்ற கடைக்காரரையோ, அடுத்த திருவிழாவிலும் யான் காணவில்லை.