உடைந்த போனை எறிய முன்னர்: உள்ளே இருக்கும் செய்திகளை எடுப்பது எப்படி?



சென்ற மாதம் பிளசன்டனில் எங்கள் ஆலோசனை நேரத்துக்கு ஒரு தம்பி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் திரை நொறுங்கிய போன். "ரீச்சர், ஊரில எனக்கு வந்த மிரட்டல் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. இனி ஒண்டும் எடுக்கேலாது, என்ன?" என்று கேட்டார்.

பெரும்பாலும் எடுக்கலாம். செய்திகள் திரையில் இருப்பதில்லை, போனின் உள்ளே இருக்கும் நினைவகத்தில் இருக்கின்றன. யன்னல் கண்ணாடி உடைந்தால் வீட்டுச் சாமான் காணாமல் போகுமா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் அவசரப்பட்டு ஏதாவது செய்தால் இருப்பதையும் இழந்துவிடுவீர்கள்.

இது ஏன் முக்கியம்?

விஜயகுமார் துரைசிங்கம் என்ற இலங்கைத் தமிழர் 2017இல் கலிபோர்னியாவின் தெற்கு எல்லையைக் கடந்து வந்தார். தன்னைக் கடத்தி அடித்தவர்கள் யார், ஏன் அடித்தார்கள் என்பது தெரியாது என்று முதல் நேர்காணலில் சொன்னார். கோரிக்கை ஏற்கப்படவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூன் 25 அன்று அங்கும் அவருக்கு எதிராகவே முடிந்தது. அந்த வழக்கு போன் பற்றியது அல்ல. ஆனால் "யார்? ஏன்?" என்ற அந்த இரண்டு கேள்விகளையும் உங்களிடமும் கேட்பார்கள். ஒரு மிரட்டல் செய்தியில் சில வேளை இரண்டுக்கும் பதில் இருக்கும்.

2005ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டப்படி, நீங்கள் சொல்வது நம்பும்படி இருந்தாலும், உங்களால் நியாயமாகப் பெறக்கூடிய ஆதாரத்தைக் கொண்டுவரும்படி கேட்கலாம். ஆகவே போனை எறியாதேங்கோ.

முதலில், செய்யக் கூடாதவை

போன் உயிரோடு இருந்தால் ஓஃப் பண்ண வேண்டாம், சார்ஜில் போட்டு வையுங்கள். ஓஃப் செய்து திரும்பப் போட்டால் விரல் அடையாளத்தை ஏற்காது, இரகசிய இலக்கத்தைத்தான் கேட்கும். தொட முடியாத திரையில் இலக்கத்தை எப்படி அடிப்பது? (பற்றரி வீங்கியிருந்தால் அல்லது போன் கடுமையாகச் சுட்டால் மட்டும் சார்ஜ் போட வேண்டாம். உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.)

இரகசிய இலக்கம் மறந்துபோனால் ஊகித்து ஊகித்து அடிக்க வேண்டாம். பல முறை பிழைத்தால் போன் பூட்டிக்கொள்ளும். ஐபோனில் சிலர் செய்து வைத்திருக்கும் அமைப்பின்படி, 10 முறை பிழைத்தால் எல்லாமே அழிந்துவிடும்.

புதுப் போன் கிடைத்தவுடன் அதில் வட்ஸ்அப்பைத் திறக்க அவசரப்படாதேங்கோ. திறந்தால் பழைய போனில் வட்ஸ்அப் வெளியேறிவிடும். முதலில் பழையதில் இருப்பதை எடுக்கப் பாருங்கள்.

இனி, செய்ய வேண்டியவை

1. திரை வெடித்திருந்தாலும் எழுத்துத் தெரிகிறதா? கை வெட்டாமல் மேலே தெளிவான ரேப் ஒட்டுங்கள். செய்திகளைத் திறந்து, இன்னொரு போனால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். இன்றைக்கே எடுங்கள், நாளைக்குத் திரை முழுக்கக் கறுத்துப் போகலாம்.

2. எழுத்துத் தெரிகிறது, ஆனால் தொட்டால் வேலை செய்யவில்லையா? பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்களில் ஓடிஜி என்னும் சிறிய இணைப்பியைப் பூட்டி, சாதாரண கணினி மவுஸைக் கொழுவலாம். திரையில் அம்புக்குறி வரும். அதாலேயே இரகசிய இலக்கத்தையும் அடிக்கலாம். ஐபோனில் இதற்கு முன்கூட்டியே அமைப்பை மாற்றியிருக்க வேண்டும், ஆகவே அடுத்த வழிதான் சுலபம்.

3. திரை முழுக்கக் கறுப்பு, ஆனால் அழைத்தால் மணி அடிக்கிறதா? அப்படியென்றால் போன் உயிரோடு இருக்கிறது. திரையை மட்டும் மாற்றுங்கள். திரை மாற்றினால் செய்திகள் அழியாது. சில கடைகளில் கேட்காமலே ரீசெட் பண்ணிவிடுவார்கள், அதுதான் பயம். போனைக் கொடுக்கும்போதே, "ப்ளீஸ் டூ நொட் இரேஸ் எனிதிங்" என்று சொல்லி, அதைத் துண்டிலும் எழுதச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் திகதியில் போன் உடைந்திருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

4. போன் முற்றாகச் செத்துவிட்டதா? பிரதி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அன்ட்ரொய்ட் என்றால் கூகுள் கணக்கில், ஐபோன் என்றால் ஐகிளவுட்டில் இருக்கலாம். இங்கே நாள் கணக்கு முக்கியம். ஒரு போனை 57 நாட்கள் பாவிக்காவிட்டால் கூகுள் அதன் பிரதியை அழிக்கலாம். ஐகிளவுட் 180 நாட்கள் வைத்திருக்கும். பல நாடு கடந்து மாதக்கணக்கில் வந்தவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். நூலகக் கணினியில் கணக்கைத் திறந்தால், முடிந்ததும் மறக்காமல் வெளியேறுங்கள்.

வட்ஸ்அப் பிரதியைப் புதுப் போனில் முதன்முதல் வட்ஸ்அப்பை ஏற்றும்போதுதான் கேட்கும். "மீட்டெடு" என்பதை அழுத்துங்கள், தாண்டிப் போகாதேங்கோ.

சிம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்மார்ட்போனில் செய்திகள் பொதுவாக சிம்மில் இருப்பதில்லை. ஆனாலும் ஊர்ச் சிம்மை எறிய வேண்டாம். கணக்கைத் திறக்க வரும் உறுதிப்படுத்தும் இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும்.

5. மற்றப் பக்கத்தையும் யோசியுங்கள். அந்த மிரட்டலை அம்மாவுக்கோ அண்ணாவுக்கோ அனுப்பினீர்களா? அவர்களின் போனில் அது இன்னும் இருக்கலாம். ஆனால் மிரட்டியவரோடு மட்டும் தொடர்பு கொள்ள வேண்டாம்.

"எந்தப் போனில் இருந்தும் செய்தி எடுத்துத் தருவோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களுக்குக் காசு கட்ட முன்னர் எங்களிடம் கேளுங்கள். பூட்டியிருக்கும் போனுக்குள் அவை பெரும்பாலும் நுழைய முடியாது.

எடுத்த பிறகு

அனுப்பியவரின் பெயர் மட்டும் போதாது. +94 அல்லது +91 என்று தொடங்கும் முழு இலக்கம், திகதி, நேரம் எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள செய்திகளையும் எடுங்கள். எதையும் வெட்டவோ, அழகாகத் திரும்ப ரைப் பண்ணவோ வேண்டாம். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வேண்டும். மூலப் போனைக் கவனமாக வைத்திருங்கள்.

ஒன்றும் கிடைக்காவிட்டால்?

கதை முடிந்துவிடவில்லை. என்ன செய்தி, யாரிடமிருந்து, ஏறக்குறைய எப்போது வந்தது, போன் எப்படி உடைந்தது, மீட்க என்னென்ன முயற்சி செய்தீர்கள் என்பதை ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். கடைக்காரரின் துண்டையும் சேருங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். பொய்ச் செய்தி ஒன்றைச் செய்து காட்டினால் உண்மையான கதையும் அதோடு போய்விடும்.

கடைசியாக ஒன்று. தஞ்சக் கோரிக்கைப் படிவம் ஐ-589ஐ, வந்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் "போன் திருத்தும்வரை காத்திருந்தேன்" என்பதை நம்பி இருக்காதேங்கோ. படிவத்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு ஆதாரத்தைப் பிறகு சேர்க்கலாம். எதை, எப்போது கொடுப்பது என்பதை உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல.

அந்தத் தம்பியின் போனில் திரை மட்டுந்தான் போயிருந்தது. மவுஸ் கொழுவியதும் அம்புக்குறி வந்தது. அன்று பின்னேரம் முழுக்க இருந்து படம் எடுத்தோம். உங்களிடமும் அப்படி ஒரு போன் இருந்தால், பையோடு அப்படியே கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.